மீன்பிடிப் பூனையும் என் தலையணை உறையும்

மார்ச் 2, திங்கள்

வேன் கிளம்பும்போது நான் அழுதேன் என்று ஓட்டுநர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அழவில்லை. கூண்டின் தாழ்ப்பாளை அவர் பாதிதான் போட்டிருந்தார். அதைச் சுட்டிக்காட்டக் குனிந்தேன், டீசல் புகை நேராக முகத்தில் அடித்தது. அழுகை வேறு, கண்ணில் நீர் வருவது வேறு. அறுபத்தெட்டு வயதில் இந்த வித்தியாசத்தை நான் ஓட்டுநரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்கிறார்களாம். "அந்தம்மா பூனைய விடவே மாட்டேங்குது, கதவ மறிச்சுக்கிட்டு நின்னுச்சு." நான் மறிக்கவில்லை. கூண்டின் மேல் போர்த்தும் துணி எங்கே என்று கேட்டேன். வெளிச்சம் பட்டால் வழியெல்லாம் மிரளும் என்று கேட்டேன். கேட்டது தவறா?

நடந்தது இவ்வளவுதான். ஆற்றங்கரைப் புதரில் தாயை இழந்து கிடந்த மீன்பிடிப் பூனைக்குட்டி, நான்கு வார வயதில், நானூறு கிராம் எடையில் என் சமையலறைக்கு வந்தது. என் கணவர் இங்கே விலங்குக்காட்சிசாலையின் மருத்துவராக இருந்த முப்பது வருடமும் அநாதைக் குட்டிகள் அந்தச் சமையலறைக்குத்தான் வந்தன. அவர் போன பிறகும் பழக்கம் நிற்கவில்லை. நான்கு மாதம் பால் கொடுத்தேன், மீன் கொடுத்தேன். அந்தச் சின்னவள் இப்போது மூன்றரைக் கிலோ. இரண்டு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் புதிதாகத் திறந்த காட்சிசாலையில் அவளுக்கென்று குளம் வைத்த வீடு கட்டியிருக்கிறார்கள். பழகும்வரை, ஒரு மாதம், செவ்வாயும் வெள்ளியும் நான் போய் உதவ வேண்டும். அவர்களாகத்தான் கேட்டார்கள். நான் கெஞ்சவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

வீடு பரவாயில்லை. உள்ளே படுக்கும் அறை, அதில் வைக்கோல் போட்ட மரப்பெட்டி. நடுவில் மேலே தூக்கும் கதவு. வெளியே கம்பிவலை கட்டிய முற்றம், நாணல், முழங்கால் ஆழக் குளம். பணியாளர் நடக்கும் நடை பின்பக்கம். தரையைக் கழுவிய பிறகு ஈரத்தைத் துடைக்காமல் விடுகிறார்கள். சொன்னேன். துடைத்தார்கள்.

பராமரிப்பாளர் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, எதையோ முணுமுணுவென்று பாடிக்கொண்டே வேலை செய்கிறாள். மெட்டு ஒரு இடத்திலும் நிற்பதில்லை.

"வாங்கம்மா. நம்ம ரவுடி ரெண்டு பேரக் கடிச்சுட்டா. ஒருத்தருக்கு ஊசி போட்டாச்சு."

"அவள் பெயர் ரவுடி இல்லை."

"அப்ப என்னம்மா பேரு?"

பெயர் வைக்கவில்லை. வனவிலங்குக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது அவருடைய விதி. சின்னவள் என்று நான் கூப்பிடுவது பெயர் ஆகாது.

பெட்டிக்குள் பின்சுவரோடு ஒட்டிக்கிடந்தாள். யார் போனாலும் சீறல். நான் நடையில் உட்கார்ந்து என் குரலில் இரண்டு வார்த்தை பேசினேன். மூக்கு வெளியே வந்தது. பிறகு காது. கையிலிருந்து மீனை வாங்கித் தின்றாள். அங்குள்ள இயக்குநர், மருத்துவர், அந்தப் பெண், எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதுவதில் வெட்கம் இல்லை.

மருத்துவர் சொன்னபடி என் தலையணை உறையைக் கொண்டுபோயிருந்தேன். பழகிய வாசனை இருந்தால் விலங்கு புது இடத்தில் தைரியமாக இருக்கும். உறையை நான்காக வெட்டிப் பெட்டியில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வர வேண்டும். வாசனை குறையக் குறைய அது இடத்தைப் பழகிவிடும். நான்கு துண்டின் ஓரத்தையும் நேற்றே மடித்துத் தைத்துவிட்டேன், இரட்டைத் தையல். புட்டிப்பால் குடித்து வளர்ந்த பூனை துணியைச் சப்பும். நூல் பிரிந்து வயிற்றுக்குள் போனால் குடலை அறுத்துவிடும். இது மருத்துவர் சொல்லித் தெரிந்ததல்ல, எனக்கே தெரியும். கான்வென்ட்டில் தையல் மதர் என் ஓரத்தையலை மற்றப் பெண்களுக்குக் காட்டுவார்.

மார்ச் 4, புதன்

பால் பாட்டில்களை வெந்நீரில் போட்டு எடுத்தேன். எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். நான் போனதும் சாப்பிட்டாள். நான்கு மீன்.

அந்தப் பெண் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். "அம்மா, நீங்க வந்தா மட்டும் சாப்பிடுறா. வராத நாள்ல நான் என்ன செய்ய? உங்க சேலையக் கட்டிக்கிட்டு வரவா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. மருத்துவரும் அவள் பக்கம். அடுத்த முறை மீனை அவள் இடுக்கியில் கொடுப்பாளாம், நான் பேச மட்டும் வேண்டுமாம். துணியில் முதல் துண்டை எடுத்தார்கள்.

பேருந்தில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவளை நான் அறிந்தது நூற்றிருபது நாள். அந்தப் பெண் அறிந்தது நாலு நாள்.

மார்ச் 8, ஞாயிறு

தங்கை தொலைபேசியில். அரை மணி நேரம் அவள் முழங்கால் வலியைக் கேட்டேன். பிறகு நான் சொன்னேன், அந்தப் பெண் தரையை ஈரமாக விடுவதை, பாடுவதை, ரவுடி என்பதை.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. உனக்குப் பொறாமை."

"ஒரு பூனையிடமா?"

"பூனைகிட்ட இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட. நீ அத்தான்கிட்டயே பொறாமைப்பட்டவ. மறந்துட்டியா? ராத்திரி பகலா பால் கொடுத்தது நீ. அவர் செருப்புச் சத்தம் கேட்டா குட்டியெல்லாம் வாசலுக்கு ஓடும். நீ பாத்திரத்த டொம்முனு வைப்ப."

எப்போது என் பாத்திரம் டொம்மென்று கேட்டது? முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பாத்திரம் வைத்தது உண்மைதான்.

மார்ச் 10, செவ்வாய்

இடுக்கியில் மீன். நான் பேசினேன். சின்னவள் என்னைப் பார்த்தபடியே அவளிடம் வாங்கித் தின்றாள். அதுவரை சரி.

பிறகு அந்தப் பெண் வாளியை எடுத்துக்கொண்டு முணுமுணுவென்று பாடியபடி நடையில் போனாள். சின்னவள் பெட்டியை விட்டு இறங்கி, கம்பிவலை ஓரமாகவே, அவள் அடிக்கு அடி, கூடவே போனாள். அவள் நின்றாள், இவளும் நின்றாள். அவள் வலையில் கை வைத்திருந்தாள். இவள் கன்னத்தை அந்த இடத்தில் தேய்த்தாள்.

ஒரு முறை இல்லை. மூன்று முறை.

"பாத்தீங்களாம்மா! பாத்தீங்களா!" என்று அவள் குழந்தை மாதிரிக் குதித்தாள்.

பார்த்தேன். பார்க்காமல் இருக்க எனக்கென்ன கண்ணா இல்லை?

அவளுடைய ரிஜிஸ்டரை வாங்கிப் படித்தேன். நேரம் எழுத வேண்டிய கட்டத்தில் எடை, எடை எழுத வேண்டிய கட்டத்தில் நேரம். சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். "தேங்க்ஸ்மா, எனக்கு இந்தக் கட்டமெல்லாம் வராது" என்றாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு. கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாவது, மூன்றாவது துண்டுகளை எடுத்தார்கள். இன்னும் ஒன்றே பாக்கி.

மார்ச் 13, வெள்ளி

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். பொய் எழுத இன்னொரு நோட்டு வாங்க முடியாது.

கடைசித் துண்டையும் அந்தப் பெண் எடுத்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். நான்கையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, "துணி முழுவதும் எடுக்கப்பட்டது" என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இந்த முறை சரியான கட்டத்தில். தூக்குக்கதவைத் திறந்தாள். சின்னவள் முற்றத்துக்குப் போனாள். நாணலை முகர்ந்தாள். குளத்தில் ஒரு முன்கால் வைத்தாள், உதறினாள், மறுபடி வைத்தாள். எத்தனை வாளித் தண்ணீரில் நான் அவளுக்குக் குட்டி மீன் விட்டுக் காட்டியிருப்பேன்! திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன்.

பார்த்தாள். அந்தப் பெண்ணை.

மருத்துவர் வந்து மிகவும் மரியாதையாகச் சொன்னார். "மேடம், அடுத்த தடவையிலேர்ந்து நீங்க நடைக்கு வர வேணாம். பார்வையாளர் கண்ணாடி வழியாப் பாருங்க. அவ நல்லா முன்னேறிட்டா."

கண்ணாடி வழியாக. டிக்கெட் வாங்கி வருகிறவர்களோடு.

அந்தப் பெண் மீன் எடுக்கப் போனாள். நடையில் யாரும் இல்லை. மரப்பெட்டியின் பின்னால் காற்றுக்காக ஒரு நீளப் பிளவு இருக்கிறது. கைப்பையிலிருந்து துணியை எடுத்தேன், பிளவு வழியாக உள்ளே தள்ளினேன்.

கைப்பையில் துணி எப்படி வந்தது? காலையில் கிளம்பும்போது படுக்கையிலிருந்த தலையணை உறையிலிருந்து ஒரு கீற்றுக் கிழித்து வைத்துக்கொண்டேன். கத்தரிக்கோலை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தீர்மானித்துச் செய்ததுபோல் ஆகிவிடும். கையால் கிழித்தேன்.

மார்ச் 14, சனி

நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

கண்ணாடி முன் இரண்டு மணி நேரம் நின்றேன். முற்றம் காலி. பெட்டியை விட்டு வரவேயில்லையாம், வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து. உள்ளே சுருண்டு கிடக்கிறாளாம்.

அந்தப் பெண்ணின் முகம் வாடிப் போயிருந்தது. "என்ன தப்பு பண்ணேன்னு தெரியலம்மா. அன்னிக்கு அவ்வளவு ஜோரா இறங்கினா. இப்ப நான் பாடினாக்கூட எட்டிப் பாக்கல."

எனக்குள் ஏதோ ஒன்று இதமாகப் படுத்துக்கொண்டது. இப்படி எழுதினால்தான் சரி.

இயக்குநர் வந்தார். மாதக் கடைசிக்குள் முற்றத்துக்கு வந்து தானாக மீன் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை என்றார். அந்தப் பெண்ணிடம் தனியாக, ஆனால் எனக்குக் கேட்கும்படி: "உனக்கு இன்னும் வேலை உறுதியாகல. ஞாபகம் வெச்சுக்க."

திருப்பி அனுப்புவது. அந்த இரண்டு சொல்லைத்தான் பேருந்து முழுக்க வாயில் போட்டு மென்றுகொண்டு வந்தேன்.

கிளம்புமுன் மூக்குக்கண்ணாடியைத் தேடவேண்டும் என்று சொல்லி நடைக்குள் போனேன். அது என் கழுத்துச் சங்கிலியில்தான் தொங்கியது. பிளவு வழியாக இன்னொரு கீற்று.

மார்ச் 18, புதன்

சமையலறை மூலையில் இருந்த பெட்டிகளை நகர்த்தி இடம் பண்ணினேன்.

மார்ச் 19, வியாழன்

இங்குள்ள காட்சிசாலை அலுவலகத்துக்குப் போனேன். சின்னவள் திரும்பி வந்தால் என்ன ஏற்பாடு என்று நாசூக்காகக் கேட்டேன். அவருக்குப் பின் வந்த மருத்துவர், அவருடைய மாணவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க சமையலறைக்கா? மேடம், அது குட்டியா இருந்த வரைக்கும்தான். இனிமே வீட்ல வெச்சா சட்டப்படி குத்தம். இங்க முற்றம் எதுவும் காலியில்ல. திரும்பி வந்தா ஆஸ்பத்திரிக்குப் பின்னால இருக்கே, அந்த இரும்புக் கூண்டுதான்."

எனக்கு அந்தக் கூண்டு தெரியும். ஆறடிக்கு நாலடி. வயதான நரி ஒன்று அதில் மூன்று வருடம் ஒரே வட்டத்தில் சுற்றிச் செத்தது. என் கணவர் அந்த வழியாகப் போகமாட்டார், சுற்றிக்கொண்டு போவார்.

நாளை போய் முதல் வேலையாக இரண்டு கீற்றையும் எடுத்துவிட வேண்டும். யாருக்கும் தெரியாமல் வைத்ததை யாருக்கும் தெரியாமல் எடுத்தால் முடிந்தது.

மார்ச் 20, வெள்ளி

முடியவில்லை.

நான் போகும்போதே எல்லோரும் நடையில் நின்றார்கள். சின்னவள் மூன்று முறை வாந்தி எடுத்திருக்கிறாள். வாந்தியில் நூல். வைக்கோலைக் கிளறியதில் ஒரு கீற்று கிடைத்தது, சப்பிச் சப்பி நைந்து. எக்ஸ்ரேயில் இரைப்பைக்குள் இன்னொரு உருண்டை.

இயக்குநர் ரிஜிஸ்டரை விரித்துப் பிடித்திருந்தார். "முழுவதும் எடுக்கப்பட்டதுன்னு எழுதியிருக்கே. கையெழுத்து உன்னோடதுதானே? அப்ப இது என்ன, வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

"எடுத்தேன் சார். நாலையும் எடுத்தேன்."

"பாத்துக்கிட்டே பொய் சொல்ற பாரு!"

"சத்தியமா சார். அம்மா பக்கத்துலதான் நின்னாங்க. அம்மா, நீங்க சொல்லுங்கம்மா. நான் எடுத்தத நீங்க பாத்தீங்கதானே?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் என்பார்கள். கேட்டிருக்கிறேன், இன்றுதான் தெரிந்தது.

"ஆமாம். எடுத்ததைப் பார்த்தேன்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. வாயைத் திறந்து மிச்சத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை நிமிடம்? சொல்லலியே. சொல்லலியே நான்.

வெளியே வரும்போது அந்தப் பெண் பின்னாலேயே ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னதாலதாம்மா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பாம விட்டாங்க" என்றாள். அவள் கையில் மீன் வாடை.

மார்ச் 21, சனி

காலை பதினொன்றுக்கு மருத்துவர் கூப்பிட்டார். இரைப்பையைத் திறந்து எடுத்துவிட்டார்கள். குடலுக்குள் இறங்கியிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார். மூச்சு சீராக இருக்கிறதாம்.

ஓரம் தைக்காத துணி. எனக்குத் தெரியும் என்று இதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

தங்கை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

உள்ளறையில் சிறு கூண்டில் வைத்திருக்கிறார்கள். வயிற்றில் மயிர் மழித்து, தையல், அதை நக்காதபடி கழுத்தைச் சுற்றி அகலப் பட்டை. கண் மட்டும் பெரிதாக இருந்தது. சாப்பிடவில்லை என்பதால் என்னை உள்ளே விட்டார்கள். மருத்துவர்கூட, "நீங்க வந்தது நல்லதாப் போச்சு மேடம்" என்றார்.

இதற்குத்தானே ஆசைப்பட்டேன். எல்லோரும் நகர்ந்து வழிவிட, நான் மட்டும் அவள் எதிரே.

பேசினேன். மீனைக் கையில் நீட்டினேன். முகர்ந்தாள், நக்கினாள், ஒரு துண்டு தின்றாள். அப்போது வெளியே எவரோ வாளியைத் தரையில் வைத்த சத்தம். உடனே தலையைத் தூக்கினாள். பட்டை கம்பியில் இடிக்க, எட்டிப் பார்த்தாள். என் தோளுக்கு மேலே, கதவை. வந்தவர் வேறு ஆள். மறுபடி தலையைக் கீழே போட்டுக்கொண்டாள். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் இப்படி ஐந்து முறை. ஐந்து முறையும் நான் எண்ணினேன். ஐந்து முறையும் எனக்கு எரிந்தது. வயதாகிவிட்டால் எரியாது என்று யார் சொன்னது?

அந்தப் பெண் எங்கே என்று கேட்டேன். பறவைக் கூண்டுகளைக் கழுவ மாற்றியிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை பூனை வீட்டுப் பக்கம் வரக்கூடாதாம்.

தேடிப் போனேன். பிரஷ் வைத்துத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு இல்லை.

"சாப்பிட்டாளாம்மா?" அதுதான் முதல் கேள்வி.

"ஒரு துண்டு."

"அது போதும். மெதுவா வரும்." மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். நான் நகராமல் நின்றதைப் பார்த்துப் பிரஷை வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"நீங்க குடுத்த நாலு துண்டும் என் அலமாரியில பத்திரமா இருக்கு. நாலுக்கும் சுத்தித் தச்ச ஓரம். வயித்துலேர்ந்து வந்ததுல ஓரமே இல்ல. வெறும் கிழிசல். அன்னிக்கு நீங்க நடைக்குள்ள மூக்குக்கண்ணாடி தேடினீங்க. கழுத்துலதான் தொங்கிச்சு."

"அதை இயக்குநரிடம் ஏன் காட்டவில்லை?"

"காட்டுனா உங்கள வாசல்லயே நிறுத்திடுவாங்க. ஆபரேஷன் ஆன வயிறும்மா. விசாரணை முடியறவரைக்கும் என்னையும் விடமாட்டாங்க, உங்களையும் விடலைன்னா அவ யார் கையில சாப்பிடுவா? முதல்ல அவ தேறட்டும்னு பாத்தேன்." பிறகு, கோபமாகத்தான், "நீங்க படிச்சவங்க. ஓரம் தைக்காம ஏம்மா போட்டீங்க? அதுதான் எனக்கு ஆறவே இல்ல" என்றாள்.

திரும்பி நடந்து பேருந்துக்கு வந்துவிட்டேன். சின்னவளுக்காகத் தன் வேலையையே கையில் பிடித்துக் காத்திருக்கிறாள் இவள். நானோ சின்னவளை என் பக்கம் இழுக்க அவள் வயிற்றையே கிழிக்க வைத்தேன். இதிலும் அந்தப் பெண் என்னை முந்திவிட்டாள். அதுவும் பொறாமையாகத்தான் இருக்கிறது. தங்கை சொன்ன சொல்லை இதோ என் கையாலேயே எழுதிவிட்டேன்.

மார்ச் 25, புதன்

கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் தாளில் "தெரியாமல் நேர்ந்துவிட்டது" என்று வந்தது. கிழித்தேன். இரண்டாவதில் "என் வயதையும் தனிமையையும் கருதி" என்று வந்தது. அதைச் சுக்குநூறாகக் கிழித்தேன்.

மார்ச் 26, வியாழன்

மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். நேற்று மூன்று மீன், இன்று நான்கு. இடுக்கியில் யார் நீட்டினாலும் வாங்குகிறாள். தையல் காய்ந்துவிட்டது. இனி நான் தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. நான்தான் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மார்ச் 27, வெள்ளி

பேருந்துக்குப் போகவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தேன். பிரதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

"மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

மீன்பிடிப் பூனையின் இரைப்பையிலிருந்து எடுத்த துணியும் வைக்கோலில் கிடைத்த துணியும் என்னுடையவை. மார்ச் 13 அன்று ஒன்றும், 17 அன்று ஒன்றும், பெட்டியின் பின்பக்கப் பிளவு வழியாக நான் உள்ளே போட்டேன். தெரிந்தே போட்டேன். அவள் அங்கே பழகிவிடக் கூடாது என்பதற்காகப் போட்டேன்.

தங்கள் பராமரிப்பாளர் ரிஜிஸ்டரில் எழுதியது முழு உண்மை. ஓரம் தைத்த நான்கு துண்டுகளும் அவருடைய அலமாரியில் உள்ளன. எண்ணிப் பார்க்கவும். 20ஆம் தேதி தாங்கள் கேட்டபோது நான் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினேன். அந்தப் பாதியால் அவர் பழி சுமக்கிறார்.

அவரைப் பூனையிடம் திரும்ப அமர்த்த வேண்டும். பெட்டியையும் வைக்கோலையும் மாற்றி, என் வாசனை இல்லாமல் கழுவ வேண்டும். தரையைத் துடைக்க மறக்க வேண்டாம். இனி நான் வரமாட்டேன். ஏதாவது ஒரு நாள் அவள் சாப்பிடவில்லை என்றாலும் என்னைக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

என் மீது தாங்கள் எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் ஏற்கிறேன். அந்தப் பெண் எந்தத் தேதியில் பூனை வீட்டு வேலைக்குத் திரும்பினார் என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். தொலைபேசியில் வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பவும்."